கூட யார் வந்திருக்காங்க?

ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவனுக்கு மொத்தம் மூன்றே வசனம்: மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க.

நீங்களும் என்றாவது ஒருநாள் அந்த மேடையில் படுத்திருப்பீர்கள். ஏசி குளிர் எலும்பு வரைக்கும் ஏறியிருக்கும். தலைக்கு மேலே ஒரு பெரிய வளையம் உறுமியிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எவனோ ஒருவன் மைக்கில் உங்கள் மூச்சை அதிகாரம் பண்ணியிருப்பான். அந்த எவனோ ஒருவன் நான்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு திருப்பூரில் ஸ்கேன் சென்டர்கள் முளைத்தபோது அதில் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். உங்கள் கஷ்டம் மேடை மேல் பத்து நிமிஷம். நீங்கள் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பீர்களே, என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பாதியில் போன கரன்ட்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். காட்டு வேலை செய்த உடம்பு, எண்பதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்று மைக்கில் சொன்னேன். சொல்லி முடிக்கவும் கரன்ட் போகவும் சரியாக இருந்தது. அந்த வருஷங்களில் திருப்பூரில் கரன்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மிஷின் நின்றது, மைக்கும் செத்தது. நான் ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெரியவர் கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, கத்திரிக்காய் நிறத்தில் படுத்திருக்கிறார். நான் பதறிப்போய் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் மூச்சை விட்டார். எழுந்து உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீதான் உடுங்கன்னே சொல்லலியே கண்ணு, நானா எப்படி உடறது?"

நான்காவது வசனம்

எங்கள் டாக்டரம்மா கோபிப் பக்கத்துக்காரர். திட்டினாலும் ங்க போட்டுத்தான் திட்டுவார். நான் சேர்ந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். திரையில் என்ன பார்த்தாலும் டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது, முகத்திலும் எதையும் காட்டக் கூடாது, ரிப்போர்ட்டைச் சொல்வது டாக்டர் வேலை. நானும் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். ஆனால் ஒரு சாதாரணக் கேள்விக்குள் இவ்வளவு இருக்கும் என்று அப்போது தெரியாது.

ராயபுரத்தில் துணி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் தலைவலி என்று ஸ்கேன் எடுக்க வந்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஃபிலிம் காய ஒரு மணி நேரம் ஆகும், ஆளை அனுப்பிவிட்டுக் கூட வந்தவரிடம் கொடுத்துவிடலாமே என்று நினைத்து, மேடையிலிருந்து இறங்கியவரிடம் "கூட யார் வந்திருக்காங்க பாய்?" என்று கேட்டேன். அவர் நேராக வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். கவுன்ட்டரில் இருந்த நஸீமாவிடம் பேனாவும் பேப்பரும் வாங்கி, கடைச் சாவி யாரிடம் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்துவிட்டார். மதுரையிலிருந்த தம்பிக்கு போன் போட்டு உடனே புறப்பட்டு வரச் சொல்லியாகிவிட்டது.

டாக்டரம்மா கூப்பிட்டு ஒன்றும் இல்லை, கண்ணாடியை மாற்றுங்கள் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. போகும்போது என் தோளில் கை வைத்தார். "தம்பி, தலைவலி அல்லா கொடுத்தது. நெஞ்சுவலி நீங்க கொடுக்கப் பாத்தீங்க."

கழுத்தளவு

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மரியபுஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கணவரும் குழந்தையுமாகப் பிழைக்க வந்தவர். அவினாசிபாளையத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்துகொண்டு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வந்த சட்டைகளை டேப் வைத்து அளந்து, கழுத்து இத்தனை, மார்பு இத்தனை என்று பார்த்து, அளவு சரியில்லாததை ஒதுக்குகிற வேலை. வயது இருபத்தெட்டு என்று சீட்டில் இருந்தது. முகம் மட்டும் ஊதி, இமை தடித்து, வேறு யாருடைய முகத்தையோ வாங்கி மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. பேசினால் மூச்சு வாங்கியது.

ஒரு டாக்டர் கிட்னி என்றாராம். இன்னொருவர் பஞ்சு தூசி அலர்ஜி என்றாராம். பத்து வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் நெறிகட்டி, காசநோய் என்று சொல்லி, மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டு ஆறியிருக்கிறது. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார். மரியபுஷ்பம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கம்பெனியில் சட்டை அளவு எழுதும் அதே கட்டம் போட்ட தாள். அதில் மூன்று மாதமாகத் தன் கழுத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுதி வைத்திருந்தார். புது டேப் வந்த அன்றைக்குப் பெண்கள் விளையாட்டாக ஒருவரை ஒருவர் அளந்துகொண்டபோது அவர் கழுத்து முப்பத்து மூன்று சென்டிமீட்டர். இப்போது காலையில் முப்பத்தேழு, மாலையில் முப்பத்தைந்தரை.

எனக்கு அன்று வரிசையில் ஏழு பேர் காத்திருந்தார்கள். "இதெல்லாம் ஸ்கேனுக்குத் தேவையில்லைங்க" என்று தாளை வாங்கி என் எழுத்து அட்டைக்கு அடியில் செருகினேன். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார். "எங்க கம்பெனில அரை சென்டிமீட்டர் கூடுனாலே பீஸை ஒதுக்கிருவாவ அண்ணே. நான் நாலு கூடிருக்கேன், ஒருத்தரும் கண்டுக்கிட மாட்டேங்காவ."

மருந்து போன வழி

மல்லாந்து படுக்க அவரால் முடியவில்லை. படுத்த உடனே முகம் கறுத்துவிட்டது. தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்த்து, சீக்கிரம் முடிக்கிறேன் என்று சத்தியம் செய்து, கை நரம்பில் ஊசி போட்டு மருந்தை ஏற்றினேன். இந்த மருந்து ரத்தத்தோடு போகிற வழியெல்லாம் திரையில் வெள்ளையாகத் தெரியும். கையில் ஏற்றினால் தோள் வழியாக நெஞ்சின் பெரிய சிரைக்கு வந்து நேராக இதயத்துக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அதற்குப் பதில் தோளிலும் முதுகிலும் விலாவிலும் நான் பார்த்தே இராத பொடி நரம்புகளெல்லாம் பளிச்சென்று எரிந்தன. ஊசி நழுவிவிட்டது, மருந்து வீணாய்ப் போய்விட்டது, இன்னொரு தடவை அந்த அம்மாவைப் படுக்க வைக்க வேண்டுமே என்று டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். இரண்டு நுரையீரலுக்கும் நடுவே சுண்ணாம்பாக இறுகிய ஒரு பழைய நெறி. அதைச் சுற்றி நார் வளர்ந்து, தலையிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தத்தை இறக்கும் பெரிய சிரையை நூலாக நெரித்திருந்தது. வலது நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயையும் பாதி இறுக்கியிருந்தது. எப்போதாவது இருமலில் ரத்தம் வந்ததா என்று கேட்டு வரச் சொன்னார். வந்திருக்கிறது. மரியபுஷ்பம் அதை கட்டிங் வேஸ்ட் துணியில் துடைத்து யாருக்கும் தெரியாமல் போட்டிருக்கிறார்.

கேன்சரா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அப்படித் தெரியவில்லை, ஆனால் சதையை எடுத்துப் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது என்றார். ரிப்போர்ட்டில் அந்த நோயின் நீளமான பெயரை டைப் அடிக்க நஸீமாவுக்கு மூன்று தடவை ஆனது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊசி நழுவலீங்க தம்பி. மெயின் ரோட்டை அடைச்சுப்போட்டா வண்டியெல்லாம் சந்துல பூந்து போகுமில்லீங்க, அதான் இது. பத்து வருசம் முந்தி ஆறுன புண்ணு, எங்க நிறுத்தோணும்னு தெரியாம இன்னும் ஆறிட்டே இருக்குது."

கேட்கக் கூடாததைக் கேட்டது

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே அனுப்ப வேண்டும், தனியாக பஸ்ஸில் விடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். நியாயமான பேச்சு. அந்த நியாயத்தை மண்டையில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். மரியபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்து, ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. வாய் மட்டும் தானாக "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டுவிட்டது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரும் வரல அண்ணே" என்றார். பிறகு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. டீக்கடையில் போய்ப் பார்த்தேன், அங்கே அவர் வரவே இல்லை. அனுப்பிய டாக்டரிடமும் போகவில்லை. மறுநாள் கம்பெனிக்கு போன் போட்டால், லீவு என்று செக்யூரிட்டி சொல்லி வைத்துவிட்டார். வீட்டில் போன் இல்லை. அவர் ஃபிலிம் மட்டும் கவரில் போட்டு அலமாரியில் நின்றது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் ரத்தம் கக்கி எங்கேயாவது விழுந்து கிடந்தால் அது என் கேள்வியால்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நடந்ததை நஸீமாவிடம் சொன்னேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ராயபுரம் பாய்கிட்ட கேட்ட அதே கேள்விங்களா அண்ணா?"

சந்தேகப் பெட்டி

நாலாம் நாள் மத்தியானம் என் எழுத்து அட்டையில் தாள் மாற்றும்போது அடியிலிருந்து அந்தக் கழுத்தளவுத் தாள் விழுந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று ங்க போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவரிடம் சொல்லிவிட்டு, தாளையும் ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டில் வண்டியை விட்டேன். அவினாசிபாளையத்தில் செக்கிங் மரியபுஷ்பம் என்றதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலிலேயே இரண்டு மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. சாயங்காலம் ஊருக்கு பஸ். கணவர் அந்தோணி வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவரிடம் மாதா கோயில் திருவிழாவுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார் மரியபுஷ்பம். உண்மையில் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அங்கேயே கிடந்து செத்துப்போவது என்று ஒற்றை ஆளாய் முடிவு கட்டியாகிவிட்டது.

கோயமுத்தூருக்குத் துணை வேண்டும் என்றுதான் கேட்டேன் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அப்புறம் அவர் எழுதிய தாளையே அவர் முன்னால் விரித்தேன். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி விளக்கினேன். படுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது. வளர்ந்த சதை சாயங்காலம் குறையாது. கழுத்தை ஊத வைப்பது இறங்க வழியில்லாமல் தேங்கிய ரத்தம், வழி செய்தால் வடியும். அந்த வழியை அடைத்திருப்பது எது என்றுதான் பார்க்க வேண்டும். "கேன்சர் இல்லைன்னு சத்தியம் பண்ணுவியளா?" என்று கேட்டார். பண்ண முடியாது, டாக்டருக்கே இன்னும் சந்தேகம்தான் என்றேன். மூன்று நாளாக எல்லாவற்றையும் கெடுத்தவன் இதையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்குக் காரணம் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், அவரே சொன்னார். "செக்கிங் டேபிள்ல நல்லதுக்கு ஒரு பெட்டி, ரிஜெக்டுக்கு ஒரு பெட்டி, சந்தேகத்துக்கு ஒரு பெட்டி இருக்கும் அண்ணே. சந்தேகப் பீஸைத் தூக்கி ரிஜெக்ட்ல போட்டா சூப்பர்வைசர் தோலை உரிச்சிருவாரு. நான் என்னையத் தூக்கி அதுலதான போட்டுருக்கேன்."

பழைய முகம்

கோயமுத்தூரில் நெஞ்சுக்குள்ளிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அந்தோணி கம்பெனி முடிந்து தினமும் எங்கள் சென்டருக்கு வந்து, வெளியே நின்று, கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். கடைசியில் வெறும் நார் என்று வந்தது, கேன்சர் இல்லை. தொடை வழியாகக் கம்பியை விட்டு, நெரிபட்ட சிரைக்குள் வலை மாதிரி ஒரு சின்னக் குழாயை வைத்து விரித்துவிட்டார்கள். நுரையீரல் பக்கத்துக் குழாயில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், பாரம் தூக்கக் கூடாது, இருமலில் ரத்தம் கண்டால் ஓடி வர வேண்டும், வருஷம் ஒரு ஸ்கேன் என்று சொல்லி அனுப்பினார்கள். நோய் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை.

குழாய் வைத்த நாலாம் நாள் அந்தோணி மறுபடி வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலையில முப்பத்து மூணரை. அளக்குறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நான் கட்டுன மூஞ்சி அது."

ஒரு வருஷம் கழித்து

சொன்னபடி அடுத்த வருஷம் ஸ்கேனுக்கு வந்தார். மல்லாந்து, ஒரே தலையணையில் படுத்தார். மூச்சை இழுங்க என்றேன், இழுத்தார். மருந்து மெயின் ரோட்டிலேயே போனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் இன்னும் கூர்ந்து பார்த்தால் வலைக்குழாயின் மேல் விளிம்பில் நார் மறுபடி கொஞ்சம் இறுக்கத் தொடங்கியிருந்தது. இது இப்படித்தான் வரும், பலூன் விட்டு விரித்துக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் அதை அவர் போய்ச் சொல்வதற்குள் ஊசியைக் கழற்ற நான் உள்ளே போக வேண்டும். கதவுக்கு வெளியே நின்று முகத்தை ஒருமுறை கையால் தேய்த்து மரக்கட்டையாக்கிக்கொண்டு போனேன்.

மரியபுஷ்பம் எழுந்து உட்கார்ந்திருந்தார். கழற்றி வைத்த டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே ஊசியைக் கழற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சிரித்தார். "நீங்க கேக்கதுக்கு முந்தி நானே சொல்லிருதேன் அண்ணே. எங்க வீட்டுக்காரரு வந்திருக்காவ, எங்க அம்மை வந்திருக்கு, எங்க சூப்பர்வைசரும் வந்திருக்காரு. இப்ப என்னன்னு சொல்லுங்க."

இப்போதும் எங்கள் சென்டர் படிவத்தில் பெயர், வயதுக்கு அடுத்தபடியாக 'கூட வந்தவர்' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்தால் தயவுசெய்து பயந்துவிடாதீர்கள், அது உங்கள் வியாதிக்காகப் போட்டதல்ல, என் வியாதிக்காகப் போட்டது.